குடும்ப நிலை என்ற கேள்வி

என் மனைவி பாரிஸ் புறநகரான ஸ்தேனுக்குக் குடிபோன அன்று அவளுடைய பிரிட்ஜை நான்கு மாடி தூக்கிச் சென்றவர்களில் நானும் ஒருவன். அந்தக் கட்டடத்தின் லிப்ட் பழுதாகியிருந்தது. வான் ஓட்டி வந்தவர் முன்னால் பிடிக்க, நான் பின்னால் பிடித்தேன். மேலே போனதும் யன்னல் சீலைக்குக் கம்பி பூட்டினேன், மகளின் கட்டிலைத் திருகாணி போட்டு நிறுத்தினேன். மனைவி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்துவிட்டு, "அப்ப நான் வரட்டே?" என்று கேட்டேன். "ஓம், பாத்துப் போங்கோ" என்றாள். பஸ் பிடித்து நகரத்துக்குள், லா சப்பலில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் நாங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம். அவளுக்கு ஸ்தேனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, விடியவே போய் நிற்க வேண்டும், மகளுக்கும் அங்கேயே கிட்ட லிசே என்கிற மேல்வகுப்புப் பள்ளிக்கூடம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால் சொல்வதும் சுலபமாக இருந்தது. எங்களுக்குள்ளும் நாங்கள் வேறு பதில் எதையும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு அவர்கள் வருவார்கள். மூவரும் ஒரே வாங்கில் இருப்போம். பூசை முடிந்ததும் வாசலில் நின்று கொஞ்சம் கதைத்துவிட்டு அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

உண்மையில் நடந்தது என்னவென்று இப்போது எழுதலாம். நான் ஒரு ஹோட்டலில் துணிகள் வைக்கும் அறைக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கலியாணமான நாளிலிருந்து எனக்குப் பின்னேர வேலை. அவள் விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவாள். நான் வரும்போது அவள் தூக்கம், அவள் போகும்போது நான் தூக்கம். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது நான், கூட்டி வருவது அவள். மகள் பிறந்து பதின்மூன்று வருடங்கள் வரை இப்படித்தான் ஓடியது. நல்ல குடும்பம் என்று பெயரும் இருந்தது. சண்டை போட நேரமிருந்தால்தானே! பிறகு எனக்குப் பகல் வேலை கிடைத்தது. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இனி ஒன்றாக இருந்து சாப்பிடலாம் என்று நினைத்தேன். ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். ஆனால் கதைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. நான் சோபாவில் இருந்தால் அவள் குசினிக்குள் போவாள். நான் குசினிக்குள் போனால் அவளுக்கு உடுப்பு மடிக்கிற வேலை வந்துவிடும். இரண்டு வருடம் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் விலத்தி விலத்தி நடந்தோம். ஸ்தேன் வேலை அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுத்த வசந்தத்தில் வருமான வரிப் படிவம் வந்தது. பிரெஞ்சில் வரியை 'அம்போ' என்பார்கள். ஊரில் யாரையாவது கைவிட்டுப் போனால் அம்போவென்று விட்டுப் போனான் என்போம் என்பதால், வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு நான் சிரித்ததுண்டு. எங்கள் படிவத்தை எப்போதும் ரூ லூயி-பிளாங் தெருவில் டெலிபோன் கடை வைத்திருக்கும் அண்ணைதான் நிரப்பித் தருவார். கடிதங்கள் வாசிப்பது, விண்ணப்பங்கள் நிரப்புவது எல்லாம் அவர் கடையின் பின்பக்கத்து மேசையில் நடக்கும். அந்த வருடமும் போனேன்.

அண்ணை கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு படிவத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார். 'குடும்ப நிலை' என்ற இடத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். கலியாணமானவர்களுக்கு எம். பிரிந்தவர்களுக்கும் விவாகரத்தானவர்களுக்கும் டி. தனியாளுக்கு சி. துணையை இழந்தவர்களுக்கு வி. எங்களுக்கு எப்போதும் எம்.

"மிஸிஸ் இப்ப ஸ்தேன் அட்ரஸிலை எல்லோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை. வேலை அங்கை."

"வேலைக்காக வேறை இடத்திலை இருந்தா எம்தான். ரெண்டு பேரும் ஒரே படிவம். அப்பிடி இல்லாட்டி..." என்று நிறுத்தினார். பேனாவைக் கையில் எடுத்தவர் திரும்ப மேசையில் வைத்தார். "தம்பி, நான் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா இதிலை ரெண்டு பேரும் கையெழுத்து வைக்க வேணும். ஒருக்கா மிஸிஸையும் கூட்டிக்கொண்டு வரிக் கந்தோருக்குப் போய்க் கேளும். அது நல்லது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவருக்கு எவ்வளவு தெரியும், வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அன்று பின்னேரம் மனைவிக்கு டெலிபோன் எடுத்து விசயத்தைச் சொன்னேன்.  "புதன்கிழமை எனக்குப் பின்னேரம் லீவு. வாறன்" என்றாள்.

வரி அலுவலகத்தில் இலக்கம் எடுத்துக்கொண்டு இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். அவள் தன் சம்பளத் துண்டுகளை ஒரு நீல உறையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். "நீர் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டேன். "ஓம், கூடத்திலை சாப்பிட்டன்" என்றாள். அதற்கு மேல் கதை ஓடவில்லை. என்னைக் கேட்டால், வேலைக்காக என்று சொல்லி எம் பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சட்டமும் அதற்கு இடம் தருகிறது என்றால் ஏன் வீணாகக் கிண்ட வேண்டும்?

எங்களைக் கூப்பிட்ட பெண் அலுவலர் எங்கள் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். மெதுவாக, எங்களுக்கு விளங்கும்படி கதைத்தாள். இரண்டு முகவரிகளையும் கணினியில் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் கேட்டாள்: "நீங்கள் வேலை காரணமாக வேறு வேறு இடத்தில் இருக்கிறீர்களா? அல்லது பிரிந்துவிட்டீர்களா?"

எவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்! வீட்டு இலக்கத்தைக் கேட்பது மாதிரி. நான் வாயைத் திறந்தேன். 'த்ரவாய்' என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. வேலை என்பதற்கான அந்தச் சொல்லைத்தான் இந்த நாட்டில் நான் முதலில் படித்தேன். ஆனால் அதற்கு முன் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஓன் எ செப்பரே" என்றாள். நாங்கள் பிரிந்துவிட்டோம்.

அவள் அதைத் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் நீல உறையின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நீண்ட நேரம் பாரமான பொருளைத் தூக்கிக்கொண்டு நின்றவனிடம் யாரோ 'இறக்கி வை' என்று சொன்னதுபோல் இருந்தது. அதே நேரம் கண் கலங்கியது. அலுவலருக்குத் தெரியக் கூடாதென்று சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தேன்.

அலுவலர் பெண் என்னிடம் திரும்பி, "ஐயா, நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?" என்றாள்.

"வுய்" என்றேன். ஓம்.

விவாகரத்து இல்லாவிட்டாலும், இருவரும் வேறு வேறு வீட்டில், தங்கள் தங்கள் வருமானத்தில் இருந்தால் தனித்தனிப் படிவம்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். மகள் தாயுடன் இருப்பதால் தாயின் படிவத்தில் வருவாள். பிரிந்த திகதியையும் எழுத வேண்டுமாம். நான் உடனே வான் வந்த அந்தச் செப்டம்பர் நாளைச் சொன்னேன்.

மனைவி தமிழில், "அது வீடு மாறின நாள்" என்றாள்.

"அப்ப எந்த நாளைச் சொல்லுறீர்?"

"தெரியேல்லை. அதுக்கு முதலே."

"எப்ப?"

"நீங்கள் கேக் வாங்கிக்கொண்டு வந்தனீங்கள் எல்லோ. அதுக்குப் பிறகு எப்பவோ."

அலுவலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை வருகிறது என்று நினைத்தாளோ என்னவோ. வேறு வேறு முகவரியில் இருக்கத் தொடங்கிய நாள்தான் தங்களுக்கு வேண்டும் என்றாள். வாடகை ஒப்பந்தத்தில் இருந்த திகதியை எழுதினோம். ஆளுக்கொரு வெற்றுப் படிவம் தந்தாள். டி பெட்டியில் நான் புள்ளடி போட்டபோது கோடு கொஞ்சம் பெட்டிக்கு வெளியே போய்விட்டது. "பரவாயில்லை, விளங்கும்" என்றாள் அந்தப் பெண்.

வெளியே வந்ததும் மனைவி உடனே போய்விடுவாள் என்று நினைத்தேன். "தேத்தண்ணி குடிப்பம்" என்றாள். ரூ பெர்தொனேயில் நாங்கள் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கடைக்கார அக்கா ரோல்ஸ் தட்டை வைத்துக்கொண்டே மனைவியிடம், "என்ன, கனநாளாக் காணேல்லை! வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டாள்.

"போகுது அக்கா. வீட்டுக்குக் கிட்டத்தானே" என்றாள் மனைவி.

அக்கா அந்தப் பக்கம் போனதும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அங்கை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்கு உண்மை சொல்லிப்போட்டு வந்து, இஞ்சை எங்கடை ஆக்களுக்குப் பொய் சொல்லுறம்."

நானும் சிரித்தேன். நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு காலம்! பிறகு, கேட்கத் துணியாமல் இருந்ததைக் கேட்டேன். "என்னிலை ஏதும் கோவமோ?"

அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "கோவம் எண்டா சண்டை பிடிச்சிருப்பன். நீங்கள் கூடாத ஆள் இல்லை. ஆனா நீங்கள் வீட்டிலை இருக்கேக்கை நான் ஆரோ தெரியாத ஆக்களின்ரை வீட்டிலை நிக்கிற மாதிரி இருந்தது. ஸ்தேனிலை எனக்கு நித்திரை வருது."

 எனக்கும் லா சப்பலில் தனியே நித்திரை வருகிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எழும்பினோம்.

அடுத்த சனிக்கிழமை ஸ்தேனுக்குப் போனேன். மகள் மேசையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு இருந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நான் படிவத்தில் தொடங்கினேன். எம், டி என்று பெட்டிகளை விளங்கப்படுத்திக்கொண்டு போனேன். அவள் பாதியில் நிறுத்தி, "பப்பா, ஜ சே" என்றாள். தெரியும் என்கிறாள்.

"என்ன தெரியும்?"

அவள் எப்போதும்போல் பிரெஞ்சில்தான் சொன்னாள். லிசே தொடங்கிய முதல் கிழமை தந்த தகவல் படிவத்தில் பெற்றோரைப் பற்றி ஒரு கேள்வி இருந்ததாம். 'பிரிந்தவர்கள்' என்ற இடத்தில் அவளே புள்ளடி போட்டாளாம். அம்மா வாசிக்காமல் கையெழுத்து வைத்தாளாம்.

மனைவி குசினி வாசலில் நின்று, "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

இதற்கு மட்டும் மகள் தமிழில் பதில் சொன்னாள். "நீங்கள் ரெண்டு பேரும் எனக்குச் சொல்லேல்லைத்தானே."

நாங்கள் பாதுகாப்பதாக நினைத்திருந்த பிள்ளை, எட்டு மாதமாகத் தனியே அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். எங்கள் மூவரில் முதலில் உண்மையை எழுதியவள் அவள்தான். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, மத்தியானம் சாப்பிட நிற்பேனா என்று கேட்டாள். நின்றேன்.

மன்னாரில் இருக்கும் என் அக்காவிடம் சொல்வதுதான் எனக்குப் பெரும் பயமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் கோயிலில் வாக்குக் கொடுத்தவர்கள் பிரிந்ததில்லை. கலியாணத்தைப் பேசி முடித்ததும் அக்காதான். இரண்டு கிழமை ஒத்திப்போட்டு, ஒரு மத்தியானம் டெலிபோனில் சொல்லிவிட்டேன். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று, "அக்கா?" என்றேன்.

"நிக்கிறன்" என்றாள். "நீ சாப்பாட்டுக்கு என்ன செய்யிறாய்?"

"நானே சமைக்கிறன்."

"ஒருத்தரும் அடிபிடிப்படேல்லையே?"

"இல்லையக்கா."

 இனி அழுவாள், அல்லது ஏசுவாள் என்று காத்திருந்தேன். "அவளின்ரை புது நம்பரைச் சொல்லு" என்றாள்.

"என்னத்துக்கு அக்கா? அவளை ஒண்டும் கேக்காதை."

"உன்னோடை அவள் கதைக்காட்டி எனக்கென்ன? எனக்கு அவள் மச்சாள். சொல்லு நம்பரை."

சொன்னேன். அன்று பின்னேரம் இருவரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்களாம், மகள் சொன்னாள். என்ன கதைத்தார்கள் என்று அவர்கள் இருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.