மூன்று முறை சுரண்டிய படிக்கட்டு

வரைபடத்துக்கான, கஞ்சி போட்ட டிரேசிங் துணியில் இங்க் கோட்டை அழிக்கத் தேவையானவை: பாதியாக உடைத்த பிளேடு, மாக்கல் பொடி, சுரண்டிய இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்க ஒரு நகம், பொறுமை. முதல் மூன்றும் என்னிடம் எப்போதும் இருந்தன.

போர்ட் பிளேயரில் அந்த வரைபடப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். டிப்ளமா முடித்த கையோடு கப்பலேறி வந்தவள். என்னை நிரந்தரமாக்குவதா, திருப்பி அனுப்புவதா என்று அறிக்கை எழுத வேண்டியவர் தலைமை வரைவாளர். மதுரைக்காரர். ஊர்ப்பக்கத்துப் பெண் என்று அவர் இரக்கம் காட்டியதில்லை. எனக்கும் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எரியும்.

பாம்பூஃப்ளாட் படகுத்துறையின் வரைபடம் ஒப்புதலுக்காக மெயின்லேண்ட் போக வேண்டியிருந்தது. படகிலிருந்து ஏறும் படிக்கட்டை அலை மோதாத கிழக்குப் பக்கம் வரைந்திருந்தேன். பெரிய எஞ்சினியர் போகிற போக்கில், "படி ஏன் இந்தப் பக்கம்?" என்றார். வெறும் கேள்விதான். நான் வாய் திறப்பதற்குள் தலைமை வரைவாளர், "மாத்திடறோம் சார்" என்றார். எஞ்சினியர் போனதும் என்னிடம், "மிட்டாவ்." அழி என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் இந்திச் சொல் அது.

அழித்தேன். மேற்கில் வரைந்தேன்.

மறுநாள் பெரிய எஞ்சினியர், "இங்கே அலை அடிக்காதா?" என்றார். மறுபடி மிட்டாவ். ஏற்கெனவே சுரண்டியிருந்த கிழக்கிலேயே திரும்ப வரைந்தேன். கோட்டின் ஓரங்களில் இங்க் கசிந்தது.

அடுத்த நாள் காலையில் தலைமை வரைவாளருக்குப் புதுக் கவலை. "நேத்து சார் மூஞ்சியே சரியில்ல. மேற்கிலேயே போட்டுரு."

"துணி தாங்காது சார். மாத்தணும்னா பென்சில்ல குறிச்சு இனிஷியல் போட்டுக் குடுங்க."

"நேத்து வந்த பொண்ணு, என்கிட்ட கையெழுத்து கேக்கிறியா? ஒரு வரி எழுதினா அடுத்த கப்பல்ல மெட்ராஸ் போயிருவ, தெரியும்ல?"

"எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி இதை நீங்களே சுரண்டுங்க."

பிளேடை அவர் பக்கம் நகர்த்தினேன். கோபத்தோடு சுரண்டினார். நெற்றி வியர்வை சொட்டி, துணியின் கஞ்சி வெள்ளையாகக் கொப்புளித்தது. பிளேடு மறுபக்கம் போய்விட்டது. படிக்கட்டு இருந்த இடத்தில் ஓட்டை.

பக்கத்து மேஜை வங்காளி எட்டிப் பார்த்தார். "தாதா, அப் தோ சுரங் பன் கயா!" சுரங்கமே வெட்டியாகிவிட்டதாம். அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"முழுசா வேற போடு," என்றார் தலைமை வரைவாளர், என்னைப் பார்க்காமல்.

புதுத் துணி விரித்தேன். படிக்கட்டைக் கிழக்கில் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. முடித்தபோது கப்பலுக்கான தபால் பையோடு பியூன் வாசலில் நின்றிருந்தார். 'வரைந்தவர்' கட்டத்தில் என் இனிஷியல் போட்டு, 'சரிபார்த்தவர்' கட்டத்தைத் தலைமை வரைவாளர் முன் திருப்பினேன்.

"கிழக்கா?"

"கிழக்கு சார்."

இன்னொன்று வரைய நேரமில்லை என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார். "தப்பு வந்துச்சு, உன்னை விடமாட்டேன்."

படம் ஒப்புதலாகி வந்தது. அதற்குப் பிறகு, வேலை தெரியாதவள் என்று அவரால் என்னைக் கப்பலேற்ற முடியவில்லை. அறிக்கையில் வேலை திருப்தி, நடத்தை திருப்தியில்லை என்று எழுதியிருந்தாராம். இரண்டும் சரிதான்.

அதன்பிறகு எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பென்சிலில் குறித்து, கீழே இனிஷியல் போட்டு, என் மேஜையில் விட்டெறிந்துவிட்டுப் போவார்.