உப்பிய தேங்காய்ப்பால் பாக்கெட்

என் நாத்தனாரின் கார் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்றால் நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். அவர் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. காரின் பின்கதவைத் திறந்ததும் அடிக்கும் வாடைதான் காரணம்.

என் கணவருக்கு ஒரே அக்கா அவர். மலைக்குக் கீழே ஈப்போ நகரில் ஒரு கடையின் சாமான் கிடங்கில் வேலை. தேதி முடிந்தவை, முடியப் போகிறவை, நசுங்கியவை எல்லாவற்றையும் வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாமாம். எங்கள் மேல் உள்ள பாசத்தில் அதையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு மலையேறி வந்துவிடுவார்.

"கீழ வெச்சா கெட்டுரும்மா. மேல கொண்டாந்துட்டா ஐஸ் பெட்டியில வெச்ச மாதிரிலா" என்பார்.

அவர் கணக்கில் எங்கள் தேயிலைத் தோட்டம் மொத்தமும் ஒரு பெரிய ஐஸ் பெட்டி. நாங்கள் அதற்குள் குடியிருக்கிறோம். அவரை மட்டும் சொல்லவும் முடியாது. லயத்தில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. பாக்கெட்டில் அடித்திருக்கும் தேதி வெயில் ஊருக்குப் போட்டது, நம் குளிருக்கு மேலும் சில மாதம் தாங்கும் என்பார்கள். மீன் குழம்பை வாசல்படியில் மூடிவைத்து மறுநாள் மத்தியானம் சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

அந்தச் சாக்கில் என்னவெல்லாம் வந்தது! பிஸ்கட்டைத் திறந்தால் பழைய எண்ணெயின் சிக்கு வாடை மூக்கில் ஏறும். மாவைச் சலித்தால் நூல் நூலாகக் கட்டி, அதற்குள் ஏதோ நெளியும். பால் டின்னின் விளிம்பில் பழுப்பாக ஒரு பிசின். என் கணவர் அந்தப் பிஸ்கட்டை நின்றபடியே தின்பார். "வாடைதானே, உயிரையா எடுக்கும்?" என்று கேட்டுவிட்டு, பல்லில் ஒட்டியதை நாக்கால் துழாவி எடுப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமெடுக்கும். எண் மட்டும் சட்டென்று பிடிபடும். அதனால் எதை எடுத்தாலும் திருப்பித் தேதியைத் தேடுவேன். மலைமேல் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய் என்னைப் பார்த்தாலே சிரிப்பார். "அக்கா, சாமான் வாங்க வந்தீங்களா, ஜாதகம் பாக்க வந்தீங்களா?" சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் பார்த்து முடித்துத்தான் காசு கொடுப்பேன். தேதி தாண்டிய எதையும் வீட்டில் வைத்ததில்லை. ஒருமுறை ஒரு பாக்கெட் உப்பைக்கூடக் கொட்டினேன்.

"கடல்ல எத்தன காலமா கெடந்துச்சோ, பாக்கெட்டுக்கு வந்ததும் வயசாயிருச்சா?" என்றார் என் கணவர். லயம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு நான் எதை மோந்து பார்த்துச் சொன்னாலும் ஒருவரும் காதில் வாங்கவில்லை. உப்பைக் கொட்டினவள் என்று பெயராகிவிட்டது.

அந்தப் பெயர் என்னைக் கடித்தது என் மகளின் வளைகாப்பன்றுதான்.

மகளுக்கு முதல் கரு தங்கவில்லை. இது இரண்டாவது. சோறு செல்லாமல், எதைத் தின்றாலும் வாந்தியெடுத்து, ஏழாம் மாதத்திலும் கன்னம் ஒட்டித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிளினிக்கில் நர்ஸ் மிஸி என்னைத் தனியே கூப்பிட்டு, "வயித்துப்போக்கு, காய்ச்சல் எதுவும் வரவிடாதீங்கம்மா. இந்த உடம்பு தாங்காது" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் குடிக்கிற தண்ணீரையும் நான் இரண்டு முறை கொதிக்க வைத்தேன்.

வளைகாப்புக்கு அத்தைதான் முதல் வாய் இனிப்பு ஊட்ட வேண்டும், அது எங்கள் வழக்கம். நாத்தனாருக்குப் பிள்ளைகள் கிடையாது. என் மகள்தான் அவருக்கு எல்லாம். காலையிலேயே பட்டுச்சேலையோடு வந்து இறங்கினார். கையில் வளையல், காரில் ஓர் அட்டைப்பெட்டி நிறையத் தேங்காய்ப்பால் பாக்கெட்.

"சவ்வரிசிப் பாயசம் நாந்தான் வெப்பேன். எம் புள்ளைக்கு எங்கையாலதான்" என்று சேலையைத் தூக்கிச் செருகினார்.

நான் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தேன். தலையணை மாதிரி உப்பியிருந்தது. அடுத்ததும் அப்படியே. ஒன்றின் மூலையில் மஞ்சளாக ஏதோ கசிந்து, அட்டையோடு காய்ந்து ஒட்டியிருந்தது. விரலில் பிசுபிசுவென்று பட்டது. கையைச் சேலையில் துடைத்தேன், துடைத்த இடத்தைப் பிறகு தண்ணீரில் அலசினேன்.

"அண்ணி, இது உப்பியிருக்கு. வேணாம்."

"தேதியப் பாரு" என்றார் நாத்தனார். "நீதான எப்பப் பாத்தாலும் தேதி தேதின்னு சாவுற. ஒனக்காகத்தான் இந்தத் தடவ பாத்துப் பாத்து எடுத்தாந்தேன். பாரு."

பார்த்தேன். மாதக்கணக்கில் நாள் மீதி இருந்தது. அடுத்த பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தேன், அதிலும் அப்படியே.

காய் நறுக்கிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அக்கா, "இன்னிக்குத் தேதி சரியா இருக்கு, இவளுக்கு மூஞ்சிதான் சரியில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"உப்பியிருக்கே அண்ணி."

"மலைக்கு வந்தா பாக்கெட்டு உப்பும்லா. கெரோப்போ பாக்கெட்டு உப்பலையா?"

அது நிஜம். கீழிருந்து வாங்கி வரும் கெரோப்போ, அதாவது இறால் அப்பளப் பாக்கெட், மலையேற ஏறக் காற்றடைத்த பந்து மாதிரி ஆகிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாய் கடையில் நான் வாங்கி அலமாரியில் வைத்திருந்த தேங்காய்ப்பாலும் இதே மலையேறி வந்ததுதான், அது தட்டையாகத்தான் இருக்கிறது என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

நாத்தனார் கத்தரிக்கோலால் மூலையை வெட்டினார். புஸ் என்று ஒரு சத்தம். அதோடு வந்த வாடையை எப்படிச் சொல்ல. குழந்தை கக்கிய பாலைத் துடைத்த துணியை ஈரத்தோடு சுருட்டிப் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. பால் கொழகொழவென்று கட்டியும் தண்ணியுமாக விழுந்தது.

"குளுருக்கு ஒறஞ்சிருக்கு" என்றபடி அதை வெந்துகொண்டிருந்த சவ்வரிசியில் ஊற்றினார். "கொதிச்சா எல்லாம் சரியாயிரும்."

என் கணவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். "இன்னிக்கும் ஆரம்பிச்சிட்டியா? அக்கா மனசு நோவப் பண்ணாத" என்றார்.

திரும்பி வந்தபோது அடுப்படியில் ஏலக்காய் மணந்தது. அதற்கு அடியில் அந்தப் புளிச்ச வாடை அசையாமல் இருந்தது. அந்த மாதிரி மூடிய வாடைதான் எனக்கு எப்போதும் அதிக அருவருப்பு. வெளியே மகள் மணையில் உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் கையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பாயசத்தைச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினார்.

நான் அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க அண்ணி."

"என்னாது?"

"நீங்க குடிச்சிட்டுக் குடுங்க. நான் வழி விடறேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வீட்டு அக்காவின் காய் நறுக்கிய கை நின்றது. "நான் எம் புள்ளைக்கு வெசத்தையா குடுப்பேன்?" என்று கிண்ணத்தைச் சட்டென்று வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டுக்கு அருகில் மூக்கு முதலில் போய்ச் சேர்ந்தது. அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். கண்ணில் நீர் கோத்தது. அதற்குக் காரணம் வாடையா, வேறெதுவுமா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"சவ்வரிசி அடிப்புடிச்சிருச்சும்மா" என்றார்.

பானையில் எதுவும் அடிப்பிடிக்கவில்லை. "ஆமா அண்ணி. இந்த அடுப்புல தீ கூட" என்றேன்.

அடுத்த வீட்டு அக்கா மறுபடி காய் நறுக்கினார்.

பானையை நான்தான் பின்பக்கக் கால்வாயில் கவிழ்த்தேன். வெள்ளையாக, திப்பித் திப்பியாக, சவ்வரிசி கண்ணு கண்ணாக உருண்டு போனது. இரண்டு வாளித் தண்ணீர் விட்டும் போகாமல் கால்வாய் விளிம்பில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றேன்.

உள்ளே வந்தால், நாத்தனார் அலமாரியைத் திறந்து சீனி டப்பாவை எடுத்திருந்தார். மகளுக்கு முதல் வாய் இனிப்பாக ஒரு சிட்டிகைச் சீனி. அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். எனக்குப் பகீரென்றது. அந்தச் சீனி அவர் போன முறை கொண்டுவந்தது. தேதி எப்போதோ முடிந்தது, கொட்ட நினைத்து மறந்துபோயிருந்தேன். வாய்வரை வந்த சொல்லை விழுங்கினேன். அன்று அவரை இரண்டாவது தடவை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. டப்பாவை மட்டும் எடுத்து மோந்து பார்த்தேன். சீனி சீனியாகத்தான் இருந்தது. ஆனாலும் சாயங்காலம்வரை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தயிர்ச்சோறு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

மீதிப் பாக்கெட்டுகளை என் கணவர் விறகுக் கொட்டகையில் பத்திரப்படுத்தினார். குளிர் தாங்குமாம். அதில் ஒன்று தானாக வெடித்து, அவருடைய மழைச்சட்டை முழுக்கத் தெறித்தது. அந்தச் சட்டையை எத்தனை முறை துவைத்தும் மழை நாளில் அந்த வாடை எழும்புகிறது. அதைப் போட்டுக்கொண்டுதான் இன்றும் மோட்டார் சைக்கிளில் போகிறார். நான் பின்னால் உட்காருவதில்லை.

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவமாயிற்று. குழந்தையைப் பார்க்க நாத்தனார் வந்தார், வழக்கம்போலச் சாக்கோடு. என் கையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், டின்னைத் தட்டிப் பார்த்தார். நானும் வாங்கி அடுக்கினேன்.

கார் வளைவில் திரும்பி மறைந்ததும், எல்லாவற்றையும் மறுபடி இறக்கித் தேதி பார்த்தேன்.