தம்பியின் முகத்தோடு காரிமங்கலம் சந்தைக்கு

"சார், இந்த வாட்டி அது நான் இல்ல சார்!"

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாமலை போனில் சொன்ன இந்த ஒரு வரிக்காகத்தான், திங்கள் பகல் 2.10 மணிக்கு அரூர் பேருந்து நிலையத்தில் சித்தேரி பேருந்தில் ஏறினேன். சுமார் 27 கிலோமீட்டர் மலைப்பாதை. பக்கத்து இருக்கையில் ஒருவர் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். செய்தியாளனான நான் குறிப்பேட்டைத் திறந்து, இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதிய பழைய பக்கங்களைப் படித்துக்கொண்டே போனேன்.

அண்ணாமலைக்கு வயது நாற்பத்திரண்டு. சாமையும் கொஞ்சம் மிளகும் விளைவிக்கும் மலை விவசாயி. அவருடைய அண்ணன் தீர்த்தகிரி, இருபது ஆண்டுகளுக்கு முன் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனவர், திரும்பவில்லை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் மனைவி பூங்கொடியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். புகார் கொடுக்கப் போனபோது போட்டோ கேட்டார்கள். தீர்த்தகிரியை யாரும் ஒருமுறைகூடப் போட்டோ எடுத்ததில்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்த நாளிலும் அவர் வெளியூர் வேலையில் இருந்தார். குடும்பம் அரைமணி நேரம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு, தம்பி படத்தைக் கொடுத்துவிடலாம்.

அன்றிலிருந்து 'காணவில்லை' நோட்டீஸில் இருப்பது அண்ணாமலையின் முகம்.

ஆண்டுக்கு ஒருமுறை அவரே மறுபடி அச்சடித்து, மைதாப் பசை காய்ச்சி, சந்தை வாசல்களிலும் டீக்கடைகளிலும் ஒட்டி வருகிறார். விளைவு எதிர்பார்க்கக்கூடியதுதான். சேலம் பேருந்து நிலையத்தில் ஒருவர் அவர் சட்டையைப் பிடித்து, "ஏன்யா, உன் பொண்டாட்டி புள்ள அழுதுட்டிருக்கு" என்று காவலரிடம் ஒப்படைத்தார். இன்னொரு முறை டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு போன் வந்தது. "உங்க ஆளு இங்க டீ குடிச்சிட்டு இருக்காருங்க." திரும்பிப் பார்த்தால், பேசியவர் மூன்று பெஞ்சு தள்ளி இருந்தார். கடந்த பத்து ஆண்டுகளாக அந்த மாதிரி அழைப்புகளும் நின்றுபோயிருந்தன.

போன சனிக்கிழமை ஒன்று வந்தது. பென்னாகரத்து ஆட்டு வியாபாரி கேசவன். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் இந்த முகத்தைப் பார்த்தேன், சத்தியமாக இதே முகம் என்றார். அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணாமலை சாமை அறுப்பில் இருந்தார். மலையை விட்டு இறங்கவே இல்லை.

கேசவனிடம் நானே போனில் பேசினேன். உயரம், சட்டை நிறம், எந்த வாசல், எத்தனை மணி என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

மாலை 4.20. சித்தேரி. பூங்கொடி ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து அச்சகத்தின் மாதிரித் தாளை எடுத்து நீட்டினார். மகள் சங்கீதாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அரூர்ப் பக்கம். பத்திரிகையில் பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் புள்ளிகள் மட்டும் இருந்தன.

"திருவா, தெய்வத்திருவான்னு செவ்வாக்கெழம சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம் சார்" என்றார். "மாப்ள வூட்ல தெய்வத்திருன்னு போட்டுடலாங்கறாங்க."

அப்படி அச்சானால், கல்யாணத்தன்று ஆரத்தித் தட்டை எடுக்க வேறொரு பெண்ணைக் கூப்பிடுவார்கள். பெற்ற தாய் கூட்டத்தில் பின்னால் நிற்க வேண்டும். இருபது ஆண்டுகளாகக் குங்குமத்தை அழிக்காதவர், மகளின் பத்திரிகையில் அதை அழிக்க வேண்டும். அவர் இதையெல்லாம் விளக்கவில்லை. தாளை நான்காக மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

செவ்வாய், காலை 5.15. வாடகை ஜீப், போக வர 3,200 ரூபாய். ஓட்டுநர் முனிராஜ் இந்த ஊர்க்காரர். பின்னால் அண்ணாமலையோடும் என்னோடும் ஏறிய பூங்கொடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, மாமா கெடச்சாருன்னா திரும்பறப்ப ஒரு ஆளு கூட. வாடக ஏத்துவேன், சொல்லிட்டேன்."

"கெடைக்கட்டும், டாப்புல உக்கார வெச்சிக் கூட்டியாரேன். இருவது வருசமா காத்து வாங்குன ஆளுதான?"

ஜீப்பில் எல்லோரும் சிரித்தோம். ஒவ்வொரு வளைவிலும் கீழே விளக்குகள் நெருங்கி வந்தன. அண்ணாமலை யாரும் கேட்காமலே அண்ணனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஒரு திருவிழாவில் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து அப்பாவிடம் அடி வாங்கியது, கரடிக்குப் பயந்து பலாமரத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தது. பேச்சில் தீர்த்தகிரிக்கு இன்னும் இருபத்தைந்து வயதுதான்.

7.05. மொரப்பூர். டீ 12 ரூபாய். கடைச் சுவரில் நோட்டீஸ். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணாமல, நீ இன்னும் கெடைக்கலியா?"

"இன்னிக்கி கெடைச்சிடுவண்ணா!"

கம்பைநல்லூர் வழியாகக் காரிமங்கலம் சேர்ந்தபோது மணி 8.10. சந்தை நிரம்பியிருந்தது. வாசலில் சுங்க ரசீது கிழிப்பவரின் குரல், லாரியிலிருந்து கயிறு கயிறாக இறங்கும் ஆடுகள், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் கைகள். பூங்கொடி எனக்கு முன்னால் நடந்தார். அந்த நெரிசலில் அவ்வளவு வேகமாக நடக்க முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கேசவன் தண்ணீர்த் தொட்டி அருகே காத்திருந்தார். அண்ணாமலையின் நரைத்த தலையைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார்.

"நீங்க அவரோட அப்பாங்களா?"

நான் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான். வயது. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு மறு அச்சிலும் 'வயது 25' என்ற வரியை யாரும் மாற்றவில்லை. படத்தையும் மாற்றவில்லை. அண்ணாமலைக்கு வயதாகிப்போனதால்தான் அழைப்புகள் நின்றிருந்தன. அதனால்தான் கேசவன் தேடிப் பிடித்ததும் இருபத்தைந்து வயதுக்காரரை. என் கணக்கில் பயணம் அங்கேயே முடிந்துவிட்டது.

"அப்ப அது எங்க அண்ணன் இல்லீங்களே" என்றார் அண்ணாமலை. குரல் இறங்கிவிட்டது.

"அதோ நிக்கறாரே, நீங்களே பாருங்க" என்று கேசவன் கை நீட்டினார்.

கர்நாடகப் பதிவெண் கொண்ட ஒரு சரக்கு வண்டியிலிருந்து ஓர் இளைஞன் கிடாவை இறக்கிக்கொண்டிருந்தான். பதினெட்டு வயது இருக்கலாம். வளர்த்தியால் வயது கூடுதலாகத் தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே நோட்டீஸைத் தூக்கி அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். விரிந்த காதுகள், இடது புருவத்தில் மேலேறும் வளைவு, கீழுதட்டின் தடிப்பு. இருபது ஆண்டுகள். பதினெட்டு வயது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தக் கழித்தலைப் போட்டிருப்போம்.

பூங்கொடி நேராகப் போய் கிடாவின் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன வெலப்பா?"

"பதினாறு சொல்றாங்கக்கா. நான் இறக்கறவன்தான், ஓனரு அங்க இருக்காரு."

தமிழில் கன்னட இழுப்பு. பெயர் மஞ்சு, ஊர் கனகபுராப் பக்கம். அப்பா பட்டுப்புழு வளர்க்கும் ஷெட்டில் வேலை. அப்பா தமிழ், அம்மா கன்னடம். வீட்டில் ஒரு தங்கை.

"உங்கப்பா சந்தைக்கெல்லாம் வரமாட்டாரா?"

"ஓசூரத் தாண்ட மாட்டாருக்கா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு."

"பேரு?"

"கிரி."

அண்ணாமலை என் முழங்கையைப் பிடித்த இடம் மறுநாள்வரை வலித்தது.

"எங்க ஊருல ஒருத்தரு உன்ன மாதிரியே இருப்பாரு" என்றார் பூங்கொடி. "உங்கப்பா போட்டோ இருந்தாக் காட்டு, பாக்கலாம்."

மஞ்சு போனைத் தடவி எடுத்துக் காட்டினான். மல்பெரிக் கூடையோடு நிற்கும் ஒரு மனிதர், முன்தலை வழுக்கை, சிரிக்காத முகம். இருபது ஆண்டுகள் படமில்லாமல் தேடிய குடும்பம் தீர்த்தகிரியின் முதல் போட்டோவை அங்கே, ஆட்டுப் புழுக்கை மிதிபட்ட மண்ணில் நின்று பார்த்தது. பூங்கொடி முகத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. படத்திலிருந்த கையைப் பெரிதாக்கிக் காட்டும்படி மஞ்சுவிடம் சொன்னார். வலது முன்கையில் மங்கலான பச்சை எழுத்துகள்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடக் கற்ற நான்கு எழுத்துகள் மட்டும் தெரியும். அந்த நான்கும்தான் அங்கே இருந்தன.

"அது என்னக்கா எழுதியிருக்கு?" என்று மஞ்சு கேட்டான். "எனக்குத் தமிழ் படிக்க வராது. அப்பா சாமி பேருன்னு சொல்வாரு."

அண்ணாமலை வாயைத் திறந்தார். பூங்கொடி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"ஆமாம்பா" என்றார் பூங்கொடி. "சாமி பேருதான். சாப்டியா?"

"இன்னும் இல்லக்கா."

நான்கு இட்லி, ஒரு வடை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். ஆடு வேண்டும் என்று சொல்லி அண்ணாமலை அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

9.50. ஜீப் கிளம்பியது. கம்பைநல்லூரைத் தாண்டினோம். பிறகு பூங்கொடி சட்டென்று அண்ணாமலை பக்கம் திரும்பினார்.

"தம்பி, முடியெல்லாம் கொட்டிப் போச்சு பாத்தியா! எப்பப் பாரு சீப்பும் கையுமா நிப்பாரே!"

அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். முனிராஜ் ஜீப்பை ஓரம்கட்டிக் கதை கேட்டார். அண்ணாமலை போனை எடுத்து, இப்போதே பேசி, ஏன் போனாய் என்று கேட்டுவிடப்போவதாகத் துடித்தார்.

"வெச்சிரு" என்றார் பூங்கொடி. "பேசறப்ப நான் பேசிக்கறேன். அந்தப் புள்ள வயித்துக்குச் சாப்புட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஆகல. அவன் வூட்டுல இன்னிக்கே இடி எறக்கணுமா?" பிறகு தன் போனில் மகளைக் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். "இருக்காரு." மறுமுனையில் கேள்விகள் கேட்டன. அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பகல் 12.20. அரூர், அச்சகம்.

"திருன்னு போடுங்க."

அச்சகக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆளு வந்துட்டாருங்களா?"

"இருக்காரு."

"தார வார்த்துக் குடுக்க வருவாருங்களா?"

"அதுக்கு என் கொழுந்தன் இருக்கான். இருவது வருசமா அவருக்கு மொகம் குடுத்தான், ஒரு நாளு கையும் குடுக்கட்டும்."

1.40. என் சேலம் பேருந்து கிளம்பத் தயாராக இருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணாமலை நிலையத்துத் தூணில் ஒட்டியிருந்த நோட்டீஸை நகத்தால் சுரண்டிக் கிழித்துக்கொண்டிருந்தார். ஒன்றைக் கிழித்தால் அடியில் போன ஆண்டுடையது. அதற்கும் அடியில் இன்னொன்று. எல்லாவற்றிலும் அதே முகம், வயது 25. காய்கறிக் கூடையோடு போன ஒரு பெரியவர் நின்றார்.

"ஏங்க, பாவம், காணாமப் போனவர் நோட்டீசு. அத ஏங்க கிழிக்கறீங்க?"

அண்ணாமலை திரும்பினார். பெரியவர் கண்ணைச் சுருக்கி அவர் முகத்தைப் பார்த்தார், கிழிந்த தாளைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"அட, கெடச்சிட்டீங்களா?"

"கெடச்சிட்டங்க" என்றார் அண்ணாமலை.