மடங்காத இரண்டு விரல்கள்

பிள்ளைகளே, நான் முல்லைத்தீவில் கடற்றொழில் செய்பவன். பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்க, வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போக நினைத்தேன். வவுனியாவில் ஒரு முகவர், "இப்ப விசிட் விசாவில போங்கோ, அங்க வேலை விசாவா மாத்தலாம்" என்றார். சம்மதித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

பக்கத்தில் இருந்தவரிடம் சந்தோசத்தில் என் தொழிலையும் இந்தப் பயணத்தையும் சொன்னேன். அவர் வலது கையை நீட்டி மடக்கிக் காட்டினார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"நானும் உப்பிடித்தான் போனனான், தம்பி. விசிட் எண்டால் சுத்திப் பாக்க மட்டும்தான். களவா வேலை செய்யேக்க பலகை விழுந்து விரல் முறிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடிபடுவன் எண்டு துணியைச் சுத்திக்கொண்டு அறைக்குள்ள கிடந்தன்."

"இப்ப என்ன செய்யிறியள், அண்ணை?"

"முந்தி உங்களைப்போலக் கடல்தான். இப்ப கிழிஞ்ச வலையைப் பொத்தவும் ஏலாது. மனுசி சோறு குழைச்சுத் தாறா, ராசா மாதிரிச் சாப்பிடுறன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸில் இருந்தே முகவருக்கு போன் எடுத்து, "வேலை விசா எண்டால்தான் போவன்" என்றேன்.

"அது கனகாலம் செல்லும்."

"செல்லட்டும்."

அந்த விசா இன்னும் வரவில்லை. "எப்ப அப்பா பிளேனில போவியள்?" என்று மகள் கேட்பாள். வலையைப் பொத்திக்கொண்டே, "வேலை விசா வந்த உடன" என்பேன். கொண்டுபோகும் பத்து விரல்களையும் நான் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.