நாங்க கலுங்கல்கிட்ட நிக்கோம்

மாடியில் தொட்டி நிறைந்து வழிகிறது. சன்ஷேடில் விழுந்து, சிதறி, காய்ந்த சிமெண்டுத் தரையில் சளசளவென்று அடிக்கிறது. "மோட்டாரை யாராவது அணைங்களேன்!" என்று கீழ் வீட்டு அண்ணாச்சி கத்துகிறார். எழுந்துபோய் சுவிட்சைத் தட்ட வேண்டியது நான்தான். தட்டவில்லை. வெயில் குடித்த சிமெண்டு நனையும்போது ஒரு வாசம் எழும்பும் பாருங்கள், அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு வயது எட்டாகிவிடும். இன்னும் ஒரு நிமிஷம் வழியட்டும். அண்ணாச்சி நல்லவர், கத்திவிட்டு மறந்துவிடுவார்.

சங்கரன்கோவிலில் எங்களுடையது தறிகள் ஓடுகிற தெரு. காலையில் தொடங்கினால் சுவரும் பேசும், பாத்திரமும் பேசும். அந்தச் சத்தத்துக்கு மேல் நாங்கள் பேச வேண்டும். அதனால் வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசுவோம், பாதியைக் காதால் கேட்போம், மீதியை எதிராளியின் உதட்டைப் பார்த்து நாமே நிரப்பிக்கொள்வோம். பெரும்பாலும் சரியாகவே நிரப்பிவிடுவோம். ஒருமுறை நான் தப்பாக நிரப்பினேன். அதில் என் அத்தையின் கல்யாணம் நடுவழியில் நின்று, திரும்பி, மறுபடி நடந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நல்ல உயரம். கொடியில் துணி காயப்போட அம்மாவுக்கு முக்காலி வேண்டும், அத்தைக்குக் கை மட்டும் போதும். மாம்பழ சீசனில் எனக்கு அவள் தெய்வம். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கேசரித் தட்டோடு வந்து நின்றதுமே மாப்பிள்ளையின் தலை முதலில் நிமிரும், பிறகு குனியும். மூன்று வீட்டார் வந்தார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர், "கொஞ்சம் அந்த நிலைக்கிட்டப் போயி நில்லும்மா" என்று கதவு நிலையோடு அவளை வைத்துப் பார்த்தாராம். கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் போனார்கள்.

அன்றைக்கு அத்தை தட்டைக் கழுவி, துடைத்து, பரணில் ஏற்றினாள். ஏணி இல்லாமல்தான். "இனி எவன் வந்தாலும் தட்டைத் தூக்க மாட்டேன். வேணும்னா நான் போயிப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஒரு வருஷம் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பிறகு ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு பெரியப்பா ஒரு யோசனையோடு வந்தார். சிவகிரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை. கொஞ்சம் வயல், ஒரு எலுமிச்சைத் தோப்பு, வயது முப்பத்தைந்து. சாரல் பிடித்து, கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் அணை நிறைந்து வழிகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் அணை பார்க்கப் போவோம். அவர்களும் அணை பார்க்க வருவார்கள். தற்செயலாகச் சந்திப்போம். பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் இரண்டு வீட்டாரும் அணை பார்த்தவர்கள்தானே, யாருக்கு என்ன குறைச்சல்?

அத்தை ஒரு நிபந்தனை வைத்தாள். அடுக்களையில், நான் அப்பளம் திருடிக்கொண்டிருந்தபோது. "பாத்துட்டு நான்தான் சொல்லுவேன் மதினி. தண்ணி தெளிவா இருக்குன்னா சரின்னு அர்த்தம். கலங்கலா இருக்குன்னு சொன்னேன்னா, மூட்டையைக் கட்டிட்டுக் கிளம்பிரணும். ஏன் எதுக்குன்னு யாரும் கேக்கக்கூடாது."

"சரிட்டி" என்றாள் அம்மா.

எனக்கு அது குளிக்கிற சமாசாரமாகப் பட்டது. கலங்கல் தண்ணீரில் குளித்தால் சொறி வரும் என்று வாத்தியாரும் சொல்லியிருந்தார்.

வாடகை வேனில் போனோம். அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை, நான். புளியங்குடி தாண்டியதும் மலை கூடவே ஓடி வந்தது, நீலமாக, பிறகு பச்சையாக, பிறகு பாறை பாறையாக. அணையின் கரை மேல் ஏறி நின்று பார்த்தேன். குடத்துக்கு அடித்துக்கொள்ளும் தெருவிலிருந்து வந்தவள். இவ்வளவு தண்ணீரும் யாரும் வரிசையில் நிற்காமல், யாரும் காவல் இல்லாமல், சும்மா கிடந்தது. மேகம் மலையிலிருந்து இறங்கி வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று. அணைக்கு எதிரே நின்றால் பெரியப்பா குட்டை, அப்பா குட்டை, புளியமரம் குட்டை. அத்தையும் குட்டைதான். முதல்முறையாக அவள் முதுகை நிமிர்த்தி நின்றதைப் பார்த்தேன்.

பூங்காவின் மரத்தடியில் பாய் விரித்தோம். புளிச்சோற்று வாளியைத் திறக்கவில்லை, யாருக்கோ காத்திருந்தோம். மூன்று பேர் வந்தார்கள். ஒரு வயதான அம்மா, அவருடைய மகள், மகன்.

"அடடே! நீங்களா! இங்கன எங்க?" என்று பெரியப்பா தறிக்கூடக் குரலில் அலறினார். பக்கத்துப் பாயில் குழந்தை அழுதது.

"சும்மா, அணையைப் பாக்கலாம்னுதான்" என்றார் அந்த அம்மா, மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதுபோல.

"இவுகளுக்குத்தான பெரியப்பா இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

மகனுக்கு முன்நெற்றியில் முடி ஏறிவிட்டிருந்தது. அதை மறைக்கத் தலையை ஒரு பக்கமாகச் சீவியிருந்தார், அணைக்காற்று வந்து ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து காட்டியது. அவர் மறுபடி மூடினார், காற்று மறுபடி திறந்தது. அவரை மாமா என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பா பொதுவாக வானத்தைப் பார்த்து, "கரை மேல நடந்துட்டு வரலாமே" என்றார். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தையும் மாமாவும் போனார்கள், நடுவில் நான் அனுப்பப்பட்டேன்.

நீளமான கரை. பாதித் தூரம் நடந்தோம். பிறகு மாமா கேட்டார், "உங்க தெருவுல எந்நேரமும் தறிச் சத்தம்லா, எப்படித் தூங்குவீங்க?"

"சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும்" என்றாள் அத்தை.

"அப்பம் எங்க தோப்புல உங்களுக்குத் தூக்கமே வராதே. அங்கன இலை விழுந்தாக்கூடக் கேக்கும்."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காற்றும் வந்தது. இந்த முறை மாமா தலையை மூடவில்லை.

கரையின் கோடியில் தண்ணீர் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. தறியில் வெள்ளைப் பாவுநூல் விரித்ததுபோல சிமெண்டுச் சரிவில் இறங்கி, கீழே பாறையில் மோதி, புகையாக எழும்பி எங்கள் மேல் விழுந்தது. நூறு தறி ஒன்றாக ஓடும் சத்தம். மாமா என்னிடம் குனிந்து கத்தினார். "பாப்பா, போயி எல்லாரையும் கூட்டிட்டு வா. நாங்க கலுங்கல்கிட்ட நிக்கோம்னு சொல்லு."

குளம் நிறைந்து மிச்சத் தண்ணீர் வெளியே போகிற இடத்தை எங்கள் பக்கம் மறுகால் என்போம். அதையே கலுங்கல் என்று சொல்கிற ஊரும் உண்டு என்பது எனக்கு எப்படித் தெரியும்? அப்படி ஒரு சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கேட்காத சொல்லை எங்கள் வீட்டு வழக்கப்படி தெரிந்த சொல்லால் நிரப்பிக்கொண்டேன். கரை முழுக்க ஓடினேன். மூச்சு வாங்கப் பாயின் நுனியில் வந்து நின்றேன். அம்மாவின் காதில் மட்டும் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

"கலங்கல்னு சொல்லச் சொன்னாக."

அம்மாவின் முகம் விழுந்தது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். அத்தைக்குக் கொடுத்த வாக்கு, ஏன் எதுக்கு என்று கேட்க முடியாது. அம்மா வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். அப்பா பாயைச் சுருட்டினார், அந்த அம்மாவின் காலடி வரை. குளிக்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன, கிளம்பிட்டீங்க?" என்றார் அந்த அம்மா.

"தங்கச்சிக்குத் தலைவலி" என்றார் பெரியப்பா. "திடீர்னு."

அந்த அம்மா கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் அத்தையும் மாமாவும் வந்துகொண்டிருந்தார்கள். அத்தை நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே எதற்கோ சிரித்தாள். "தலைவலியா? அப்பம் அங்கன சிரிச்சிக்கிட்டு வாரது யாரு?" என்றார். அந்த அம்மா மெதுவாக முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எம் மவனுக்கு முடி கொட்டுனதுக்கு அவன் என்ன செய்வான். போனதடவையும் இப்படித்தான், வயித்துவலின்னாக." யாரிடமும் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அத்தை பக்கத்தில் வந்துவிட்டாள். சுருட்டின பாயைப் பார்த்தாள். மூடின வாளியைப் பார்த்தாள். எழுந்து நிற்கிற மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை, ஈரம் மட்டும் முகத்தில் இருந்தது. யாரையும் ஒன்றும் கேட்காமல் நேராக வேனில் ஏறி, தலை தட்டாமல் இருக்கக் குனிந்து, கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். முதுகு பழையபடி வளைந்துவிட்டது. நாலாவது தடவை.

அம்மா பின்னாலேயே ஏறினாள். "விடுட்டி. நீ சொன்னபடிதான கிளம்பியாச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

"கலங்கல்னு சொல்லிவிட்டியே."

"நான் எப்பம் மதினி சொன்னேன்? அவுகதான வேண்டாம்னுட்டாக?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேன் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அத்தை சொல்லல" என்றேன். "மாமாதான் சொன்னாக."

பெரியப்பா சீட்டை விட்டு எழுந்துவிட்டார். "நம்ம வீட்டு அடுக்களைப் பேச்சு சிவகிரி வரைக்கும் எப்படிலே போச்சு?" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் ஜன்னலுக்கு வெளியே மாமா வந்து நின்றார். கையில் நாங்கள் மறந்த கரண்டி.

"என்ன அண்ணாச்சி இது? நாங்க கலுங்கல்கிட்ட நிக்கோம், எல்லாரும் வாங்கன்னு பாப்பாகிட்டச் சொல்லிவிட்டேன். ஒருத்தரையும் காணும். வந்து பாத்தா கிளம்பிட்டீங்க."

"எதுகிட்ட?" என்றார் அப்பா.

"கலுங்கல்கிட்ட. தண்ணி வழியுதுல்லா, அங்கன."

"யய்யா, அது மறுகால்யா!" என்று பெரியப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மறுகாலைப் போயி கலுங்கல்ங்காரே மனுசன்!" அம்மா சீட்டில் சரிந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்டியை நீட்டியபடி நின்றார். காற்று அவர் தலையை மறுபடி திறந்து வைத்தது.

பெரியப்பா அத்தையின் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "அப்பம் தண்ணி எப்படிட்டி இருக்கு?" என்றார். பூங்காவில் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

அத்தை எழுந்தாள். வேனை விட்டு இறங்கினாள். முழு உயரத்துக்கும் நிமிர்ந்தாள். மாமாவைத் தாண்டி, மரத்தடியில் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்ற அவர் தாயாரிடம் போனாள். அவர் வந்ததிலிருந்து அவரை 'வாங்கம்மா, இருங்கம்மா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தலைவலி எல்லாம் ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். "கையைப் பிடிச்சிக்கோங்க. தண்ணிக்கிட்டப் போயிச் சாப்பிடுவோம்."

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. எனக்குக் குழப்பம். என் அத்தைக்கு எங்கிருந்து வந்தாள் ஒரு அத்தை? எனக்குத்தானே அத்தை உண்டு?

வழிகிற தண்ணீரின் ஓரத்தில் எட்டுப் பேரும் உட்கார்ந்து புளிச்சோறு தின்றோம். புகை போல வந்து விழுந்த தூவானத்தில் சோறு நனைந்தது, துவையல் நனைந்தது, பெரியப்பாவின் வெற்றிலை நனைந்தது. ஒருவரும் இடத்தை மாற்றவில்லை. அன்று தின்ற சோற்றின் ருசிக்காக நானும் எத்தனையோ தடவை புளி கரைத்துப் பார்த்துவிட்டேன்.

திரும்பும்போது அவர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். நாங்கள் புளியங்குடியில் கிழக்கே திரும்ப வேண்டும், அவர்கள் அங்கே ராஜபாளையம் பஸ் பிடித்தால் சிவகிரி போய்விடலாம். எலுமிச்சை வாசம் அடிக்கிற பஸ் ஸ்டாப்பில் இறங்கினார்கள். பெரியவர்கள் நாள் பார்ப்பது, வீடு பார்க்க வருவது என்று என்னென்னவோ பேசினார்கள். பஸ் வந்தது. தாயையும் அக்காவையும் ஏற்றிவிட்டு, கண்டக்டர் விசில் கொடுத்த பிறகு, மாமா என்ன நினைத்தாரோ, சாலையைக் கடந்து எங்கள் வேனின் கடைசி ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

வேனில் அப்பா நனைந்திருந்தார், அம்மா நனைந்திருந்தாள், என் சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு நிறையும். அவர் அத்தை ஒருத்தியிடம் மட்டும் அதைச் சொல்லிவிட்டு ஓடினார். இது ஒரு பேச்சா, இதற்கா பஸ்ஸை நிறுத்தி வைத்தார், இதற்கா அத்தை ஊர் வந்து சேரும் வரை என் பக்கமே திரும்பாமல் இருட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

"வீட்டுக்குப் போனதும் தலையை நல்லாத் துவட்டிருங்க."