வாய்க்கால் வரை போன வாக்கர்

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் மூட்டு தேய்ந்துபோய், மூன்று வருஷமாக வாக்கர் பிடித்துத்தான் நடை. கடைக்குப் போகச் சொன்னால் இரண்டு காலும் சேர்ந்து வலிக்கும். போன ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னதும், மனிதர் வாக்கரை வாசலிலேயே விட்டுவிட்டு மடை திறக்கக் கிளம்பிவிட்டார். விழுந்து தொலைத்தால் யார் தூக்குவது? திட்டிக்கொண்டே வாக்கரை ஊன்றியபடி பின்னால் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது, ஒரு வருஷமாகக் குடைந்துகொண்டிருந்த என் முழங்கால் வலிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "அதை இப்படிக் கொடு" என்றார்.

"வயல் வரைக்கும் நடந்தவருக்கு இது எதுக்குங்க?" என்றேன்.

அன்றிலிருந்து, காலையில் முதலில் எழுந்தவருக்குத்தான் வாக்கர் என்று ஏற்பாடு. விடிவதற்கு முன்பே இரண்டு பேரும் விழித்துக்கொள்கிறோம். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.