ஊமை ரேடியோவோடு திருச்சிக்கு

"பெண்கள் தனியாகத் திருச்சி, ஸ்ரீரங்கம் போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பேஷாக முடியும். அறுபதுகளிலேயே நான் போய் வந்திருக்கிறேன், மடியில் ஊமை ரேடியோவோடு.

அப்போது உப்பிலியபுரத்தில் நான் அறிவியல் டீச்சர். கணவர் இறந்து இரண்டு வருடம். பள்ளிக்கூடம் விட்டால் மறுநாள் மணி அடிக்கும்வரை வீட்டில் மனிதக் குரல் என்றால் டிரான்சிஸ்டர்தான். காந்தப் பாடத்துக்கு ஒத்திகை பார்த்துவிட்டு இரும்புத்தூள் பாட்டிலை அந்த டிரான்சிஸ்டர் மேலேயே வைத்தேன். பூனை தட்டிவிட்டது. ஸ்பீக்கருக்குள் இருப்பதும் காந்தம்தானே, தூளை உள்ளே இழுத்துக்கொண்டது; ரேடியோ ஊமையாகிவிட்டது. காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பை வைக்காதீர்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்! மூன்று ராத்திரி அந்த அமைதியைப் பொறுத்தேன். பயமாகவே இருந்தது. சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணி பஸ், துறையூர் வழி, ஏறக்குறைய நாற்பது மைல். பக்கத்து சீட்டு அம்மாள் "துணைக்கு யாரும் வரலீங்களா?" என்றார். "யாரும் இல்லீங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொள்ளிடம், காவிரி இரண்டையும் தாண்டி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன்.

பக்கத்துத் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் செல்வராஜ் ரேடியோவும் பழுது பார்ப்பார். நான் டீச்சர் என்று சொல்லி ரேடியோவை நீட்டியதும், கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தூளை எடுக்கும்போது உள்ளே இருக்குற மெல்லிசு கம்பிச் சுருள் அறுந்துச்சுன்னா வேற ஸ்பீக்கர்தாங்க. மெட்ராஸ்லேர்ந்து வரணும், ஒரு மாசம் ஆயிடும். மதியத்துக்கு மேல வாங்க டீச்சர்."

ஒரு மாதமா! டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். பெருமாளிடம்கூட அந்த மெல்லிய கம்பிக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். பிரசாதக் கடையில் "எத்தனை பேர் வந்திருக்கேள்?" என்று கேட்டார்கள். "ஒருத்திதான்." ஒரு புளியோதரைப் பொட்டலம் கைக்கு வந்தது. மண்டபத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிரிக்கவே மனசு வரவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

கடைக்குத் திரும்பியபோது மணி மூன்று. கம்பிச் சுருள் பிழைத்துவிட்டது. செல்வராஜின் வீடு கடைக்குப் பின்னால்தான். டீ கேட்பதற்காகக் கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இரண்டு ஸ்பீக்கர்களை இணைத்து, பேச ஒரு பக்கம், கேட்க ஒரு பக்கம் தள்ளும் ஸ்விட்ச் ஒன்றும் வைத்திருந்தார். கடை ஸ்பீக்கருக்குப் பதில் என்னுடையதை மாட்டிக் கையில் கொடுத்தார்.

"பேசுங்க டீச்சர், வீட்டுல கேக்குதான்னு பாப்போம்."

காந்தத்துக்கு நடுவில் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பியை ஒரு விசை தள்ளும். மின்சாரம் திசை மாறினால் தள்ளுவதும் திசை மாறும். அப்படி முன்னும் பின்னும் ஆடும் காகிதக் கூம்புதான் ஸ்பீக்கரின் குரல். நாம் பேசிக் கூம்பை ஆட்டினால் கதை தலைகீழ்: கம்பி அசையும், அதில் மின்சாரம் பிறக்கும். பாடமாக எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! இப்போது நானே கூம்புக்கு நேரே குனிந்தேன்.

"நான்... டீச்சருங்க. உப்பிலியபுரத்துலேர்ந்து தனியா வர்றேங்க."

செல்வராஜ் ஸ்விட்சைத் தள்ளினார். என் கையில் கூம்பு நடுங்கியது. அவர் மனைவியின் குரல்.

"அவ்வளவு தூரம் தனியாவா வந்தீங்க? மணி மூணாச்சே, சாப்டீங்களா டீச்சர்?"

இரண்டு வருடமாக ரேடியோ எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறது. ஒரு கேள்வி கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. "இல்லீங்க" என்றேன்.

"ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளுனாத்தான் உங்க பேச்சு போகும், டீச்சர்."

தள்ளினேன். "இல்லீங்க, இன்னும் சாப்பிடலை!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். ரேடியோவை மடியிலேயே வையுங்கள், பஸ் குலுக்கும். ஊர் திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கியதுமே விசாரித்துவிடுங்கள். யாராவது "சாப்டீங்களா?" என்று கேட்டால் மரியாதைக்காக "ஆச்சுங்க" என்று சொல்லிவிடாதீர்கள்.